பெரும்பூனை மீட்பு மையத்தை நம் கிளை நூலகத்துக்கு அழைத்து வருவது எப்படி?

வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவுக்குப் போகிற எவரும் புலியையும் சிங்கத்தையும் பார்த்துவிட்டு வரலாம். ஆனால் சர்க்கஸ் கூடாரங்களிலிருந்து மீட்கப்பட்ட சிங்கங்களுக்கும் புலிகளுக்கும் அதே பூங்காவில் அமைக்கப்பட்ட மறுவாழ்வு மையத்தைப் பொதுமக்கள் பார்க்க முடியாது. மீட்பு மையங்களைக் காட்சிக்குத் திறக்கக்கூடாது என்பது மத்திய உயிரியல் பூங்கா ஆணையத்தின் கொள்கை. வாழ்நாளெல்லாம் வேடிக்கைப் பொருளாக நின்ற விலங்குக்குக் கடைசிக் காலத்திலாவது அமைதி கிடைக்கட்டும் என்பதால் அது சரியான கொள்கையும்கூட. ஆகவே அந்த விலங்குகளைப் பற்றி அறிய நமக்கு ஒரு வழிதான் இருக்கிறது: அவற்றைப் பராமரித்தவர்கள் வெளியே வந்து பேச வேண்டும். அதற்கு வடசென்னையின் இராயபுரத்திலோ, தண்டையார்பேட்டையிலோ, வியாசர்பாடியிலோ, பெரம்பூரிலோ இருக்கும் ஒரு கிளை நூலகத்தைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தோன்றவில்லை. அப்படியொரு நிகழ்ச்சியை ஒரு வாசகர் வட்டம் எவ்வாறு ஏற்பாடு செய்யலாம் என்பதை இங்கே விளக்குகிறேன்.

தொடங்குவதற்கு முன் பின்னணியைத் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். ஏனெனில் அழைப்புக் கடிதம் எழுதும்போதும், குழந்தைகளின் கேள்விக்கு மேடையில் நின்று பதில் சொல்லும்போதும் இதுதான் கைகொடுக்கும். கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றைப் பயிற்சி கொடுத்து வித்தை காட்டவைக்கக்கூடாது என்று மத்திய அரசு 1998 அக்டோபரில் ஆணை வெளியிட்டது. சர்க்கஸ் உரிமையாளர்கள் அதை எதிர்த்து வழக்காடினார்கள்; கேரள உயர் நீதிமன்றமும், 2001-ல் உச்ச நீதிமன்றமும் தடை செல்லும் என்று தீர்ப்பளித்தன. அதன்பின் நாடெங்கும் சர்க்கஸ்களில் இருந்த சிங்கம், புலி போன்ற பெரும்பூனைகள் பறிமுதல் செய்யப்பட்டு வண்டலூர், பன்னேர்கட்டா, விசாகப்பட்டினம், திருப்பதி போன்ற இடங்களில் இருந்த மீட்பு மையங்களுக்கு அனுப்பப்பட்டன. காப்பில் இருக்கும் சிங்கமோ புலியோ இருபது ஆண்டுகளைத் தொடுவதே அரிது என்பதால், அன்று வந்தவை இன்று உயிரோடு இருக்க வாய்ப்பில்லை. அவற்றுக்கு உணவு வைத்தவர்களும் மருந்து கொடுத்தவர்களும் ஒவ்வொருவராக ஓய்வு பெற்றுக்கொண்டிருக்கிறார்கள். காலம் தாழ்த்தாமல் அழைக்க வேண்டும் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுவே.

யாரை அழைப்பது, எதை அழைக்கக்கூடாது

முதலில் ஒரு விஷயத்தை ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிட வேண்டும். விலங்கு எதுவும் நூலகத்துக்கு வராது, வரவும் கூடாது. ‘ஒரு குட்டியையாவது கொண்டுவரச் சொல்லலாமே’ என்று கேட்பவர் ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் இருப்பார். புலி, சிங்கம், சிறுத்தை மூன்றுமே 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. அவற்றை ஊர்வலப் பொருளாக எடுத்துச் செல்ல எந்தப் பொறுப்புள்ள மையமும் ஒப்புக்கொள்ளாது. சட்டத்தை ஒதுக்கிவைத்துவிட்டுப் பார்த்தாலும், நோய் என்றொரு காரணம் இருக்கிறது. 2021 ஜூன் மாதம் வண்டலூர்ச் சிங்கங்களுக்குக் கொரோனா தொற்றியது; நீலா என்ற ஒன்பது வயதுப் பெண் சிங்கம் இறந்தது. மூச்சுக்காற்றின் வழியே பரவும் ஒரு நோய் பூனை இனத்தை எந்த அளவுக்குத் தாக்கும் என்பதை அந்த மாதம் காட்டிவிட்டது. மூடிய கூடத்துக்குள் நூறு பேர் சூழ நிற்கும் குட்டிக்கு நாம் செய்வது உபகாரம் ஆகாது. அழைப்பிதழிலேயே ‘விலங்குகள் வரமாட்டா’ என்று தடித்த எழுத்தில் அச்சிட்டுவிடுங்கள்; இல்லையென்றால் நிகழ்ச்சி நாளன்று வாசலில் நின்று நீங்கள்தான் அழும் குழந்தைகளுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

அழைக்க வேண்டியவர்கள் மூன்று வகையினர். கூண்டைக் கழுவி, இறைச்சி வைத்து, விலங்கின் முகம் பார்த்தே அதன் உடல்நிலையைச் சொல்லக்கூடிய காப்பாளர் முதலாமவர். கால்நடை மருத்துவர் இரண்டாமவர். பூங்காவின் கல்விப் பிரிவில் இருப்பவர் மூன்றாமவர். கடிதம் எழுதினால் பெரும்பாலும் மூன்றாமவரை மட்டுமே அனுப்பிவைப்பார்கள், ஏனெனில் படங்களோடு பேசிப் பழகியவர் அவர்தான். அவர் வரட்டும், வரவேற்போம். ஆனால் காப்பாளர் ஒருவரும் உடன் வர வேண்டும் என்று கடிதத்தில் வெளிப்படையாகக் கேளுங்கள். மேடைப் பழக்கம் இல்லாத காப்பாளர் தயங்கித் தயங்கிச் சொல்லும் ஐந்து வாக்கியங்கள் படக்காட்சி முழுவதையும்விடக் கூட்டத்தைக் கட்டிப்போடும். பணியில் இருப்பவர் பேசுவதற்குத் துறையின் அனுமதி வேண்டும். ஓய்வு பெற்றவருக்கு அந்தக் கட்டு குறைவு. சர்க்கஸ் விலங்குகள் வந்திறங்கிய நாட்களை நினைவுகூரக்கூடியவரும் அவரே. பூங்கா அலுவலகத்திலேயே விசாரித்தால் தொடர்பு ஏற்படுத்திக் கொடுப்பார்கள்.

கடிதமும் நாளும்

நூலகத்தின் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். கிளை நூலகரிடம் பேசி, வாசகர் வட்டத்தின் பெயரால் கோரிக்கை எழுதி, மாவட்ட நூலக அலுவலரின் ஒப்புதலைப் பெறுங்கள். அது கைக்கு வந்தபிறகு பூங்காவின் இயக்குநருக்கு எழுதினால், அரசு அலுவலகம் ஒன்று இன்னோர் அரசு அலுவலகத்தை அழைப்பதாக விஷயம் எளிதாகிவிடும். கடிதத்தில் நான்கு செய்திகள் இருந்தாக வேண்டும்: எத்தனை பேர் வருவார்கள், அவர்களின் வயது என்ன, எவ்வளவு நேரம், எதைப் பற்றிப் பேச வேண்டும். ‘வனவிலங்குப் பாதுகாப்பு’ என்று பொதுப்படையாக எழுதாதீர்கள். அப்படி எழுதினால் பொதுப்படையான பேச்சுதான் வந்து சேரும். ‘மீட்கப்பட்ட பெரும்பூனைகளின் அன்றாடப் பராமரிப்பும், அவற்றை ஏன் காட்டில் விட முடிவதில்லை என்பதும்’ என்று குறிப்பிட்டு எழுதுங்கள்.

நாள் குறிப்பதில் நம் பகுதிக்கென்று சில சிக்கல்கள் உண்டு. கிளை நூலகங்களுக்கு வெள்ளிக்கிழமையும் இரண்டாம் சனிக்கிழமையும் விடுமுறை. ஞாயிறு நமக்கு வசதியான நாள். ஆனால் அன்றுதான் வண்டலூரில் கூட்டம் அலைமோதும் என்பதால் ஆட்களை அனுப்பத் தயங்குவார்கள். செவ்வாய் பூங்காவுக்கு வார விடுமுறை. அன்று மாலை பள்ளி விட்டபின் நடத்தலாமா என்று கேட்டுப் பார்க்கலாம். முதல் அல்லது மூன்றாம் சனிக்கிழமை முற்பகல் இருதரப்புக்கும் ஒத்துவரும். அக்டோபர் 2 முதல் 8 வரையிலான வன உயிரின வாரத்தில் எல்லாப் பள்ளிகளும் அவர்களை அழைக்கும். நவம்பர் 14-ல் தொடங்கும் தேசிய நூலக வாரம் கேட்பதற்குப் பொருத்தமாக இருந்தாலும், அந்தச் சமயத்தில் வடகிழக்குப் பருவமழை வியாசர்பாடியையும் புளியந்தோப்பையும் என்ன செய்யும் என்று நமக்குத் தெரியும். ஜூலை 29 உலகப் புலிகள் நாள், ஆகஸ்ட் 10 உலகச் சிங்க நாள். இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட நாட்களையே நான் பரிந்துரைப்பேன். வண்டலூரிலிருந்து வருபவர்கள் ஜி.எஸ்.டி. சாலையைக் கடந்து, நகரைக் குறுக்காகத் தாண்டி, இந்தப் பக்கத்துக் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே வந்து சேர வேண்டும். தொடக்க நேரத்தைப் பத்தரைக்கு முன் வைக்காதீர்கள். போக்குவரத்துச் செலவை யார் ஏற்பது என்பதையும் முன்கூட்டியே பேசி முடித்துவிடுங்கள். பெரியவர்கள் கூச்சப்பட்டு விட்டுவிடும் விஷயம் இது.

கூடத்தைத் தயார் செய்வது

நம் கிளை நூலகங்கள் பலவற்றில் நாளிதழ் படிக்கும் கூடமே பெரிய அறை. காலையில் அங்கே வந்து உட்காரும் முதியவர்களையும், அரசுத் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்களையும் நிகழ்ச்சியின் பெயரால் வெளியே அனுப்புவது அழகல்ல. ஒரு வாரத்துக்கு முன்பே அறிவிப்பு ஒட்டி, நாளிதழ்களை வேறு மேசைக்கு மாற்றி, முதியவர்களை நிகழ்ச்சிக்கே அழைத்துவிடுங்கள். அவர்களால் ஒரு பெரிய பயன் உண்டு. சென்னையின் உயிரியல் பூங்கா 1855-ல் எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் தோன்றி, பிறகு பார்க் டவுனுக்கு மாறி, 1985-ல் வண்டலூரில் திறக்கப்படும் வரை நகர நடுவிலேயே இருந்தது. பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்தும் மூலக்கொத்தளத்திலிருந்தும் மூர் மார்க்கெட் பக்கம் நடந்தே போய் ‘உயிர் காலேஜ்’ என்று அழைக்கப்பட்ட அந்தப் பூங்காவைப் பார்த்தவர்கள் இன்றும் நம் தெருக்களில் இருக்கிறார்கள். கம்பிக் கூண்டுக்குள் புலி எப்படி நின்றது என்பதை அவர்களில் ஒருவர் ஐந்து நிமிடம் சொல்லி நிகழ்ச்சியைத் தொடங்கிவைக்கட்டும். வாழ்த்துரை, சிறப்புரை, பொன்னாடை ஆகியவற்றுக்கு ஒதுக்கும் நேரத்தை இதற்குக் கொடுத்தால் போதும்.

தரையில் சுண்ணக்கட்டியால் கோடு போடுவது செலவில்லாத, ஆனால் மிகுந்த பயன் தரும் வேலை. 2009-ஆம் ஆண்டின் உயிரியல் பூங்கா அங்கீகார விதிகளின்படி, சிங்கத்துக்கும் புலிக்கும் இரவு அறையின் குறைந்தபட்ச அளவு 2.75 மீட்டர் நீளம், 1.80 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம். அந்த நீள அகலத்தைக் கூடத்தின் நடுவில் வரைந்துவிடுங்கள். அதற்குள் நாடாவால், மூக்கிலிருந்து வால் நுனி வரை ஏறத்தாழ 2.80 மீட்டர் நீளமுள்ள ஒரு புலியின் வடிவத்தை வையுங்கள். நேராகப் படுக்கவைத்தால் வால் கோட்டைத் தாண்டிவிடும். இது இரவில் அடைப்பதற்கான அறை மட்டுமே என்பதையும், பகலில் ஓர் இணைக்குக் குறைந்தது 1000 சதுர மீட்டர் திறந்தவெளி தரப்பட வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வியாசர்பாடிப் பிள்ளைகளுக்கு அதை விளக்குவது எளிது: ஒரு முழுக் கால்பந்து மைதானத்தில் ஏழில் ஒரு பங்கு. பிறகு, சர்க்கஸ் விலங்கு பயணம் செய்த வண்டிக் கூண்டு எவ்வளவு இருந்தது என்று காப்பாளரைக் கேட்டு, அவரையே இன்னொரு நிறச் சுண்ணக்கட்டியால் உள்ளே வரையச் சொல்லுங்கள். அதற்குமேல் விளக்கம் தேவைப்படாது.

கால்தடப் பயிற்சிக்கு ஓர் அகலமான தட்டில் ஈர மணல் போதும். பூனையின் தடத்தில் நகம் பதியாது, ஏனெனில் நடக்கும்போது நகத்தை அது உள்ளிழுத்துக்கொள்கிறது. நாயின் தடத்தில் நகக்குறி தெளிவாகத் தெரியும். பூனையின் உள்ளங்கால் மெத்தையின் பின்விளிம்பு மூன்று மடிப்புகளாகப் பிரிந்திருக்கும். தெருப்பூனைக்கும் புலிக்கும் இந்த அமைப்பு ஒன்றே, அளவுதான் வேறு. மையத்தினரிடம் புலித்தடத்தின் பிளாஸ்டர் அச்சு இருந்தால் கொண்டுவரச் சொல்லுங்கள். நம் நாட்டில் நெடுங்காலம் இப்படித் தடம் எடுத்துத்தான் புலிகளை எண்ணினார்கள்; ராஜஸ்தானின் சரிஸ்காவில் புலியே இல்லாமல் போனது 2005 வாக்கில் தெரியவந்தபின் அந்த முறை கைவிடப்பட்டு, 2006 முதல் தானியங்கிக் கேமராக்கள் அதன் இடத்தைப் பிடித்தன. ஒவ்வொரு புலியின் வரியும் தனித்தன்மை உடையது என்பதால் படத்தை வைத்தே ஆளை அடையாளம் காணலாம். ஒரே புலியின் இரண்டு படங்களையும் வேறொரு புலியின் படத்தையும் கலந்து கொடுத்து, ஜோடியைக் கண்டுபிடிக்கச் சொன்னால் சிறுவர்கள் அசையாமல் உட்காருவார்கள்.

ஒலிபெருக்கியில் சிங்கத்தின் கர்ஜனையைக் கேட்கவைப்பது நல்லது. தண்டையார்பேட்டையில் எழும் கர்ஜனை, வாகன இரைச்சல் இல்லாத இரவாக இருந்தால், திருவொற்றியூரைத் தாண்டியும் கேட்கக்கூடும், ஏனெனில் எட்டு கிலோமீட்டர் வரை அந்தக் குரல் போகும். சன்னல்களைச் சாத்திவிட்டு, ஒலியைக் குறைத்து வையுங்கள். தெரு நாய்கள் அதற்கு என்ன பதில் சொல்லும் என்பதை யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

கேள்விகளை முன்பே சேகரிப்பது

நிகழ்ச்சியின் தரத்தைத் தீர்மானிப்பது கேள்விகள்தான். இரண்டு வாரங்களுக்கு முன்பே நூலகத்தில் ஒரு பெட்டி வைத்து, சிறுவர்களிடமிருந்து எழுத்தில் வாங்கி, ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து, பட்டியலைப் பேச்சாளருக்கு அனுப்பிவிடுங்கள். ‘இந்தப் புலி எத்தனை பேரைக் கொன்றது?’ என்பது கட்டாயம் வரும். அதைத் தடுக்க வேண்டாம். ‘மனிதரைத் தாக்கிய விலங்கை எப்படிப் பிடிக்கிறார்கள், பிடித்தபின் என்ன செய்கிறார்கள்?’ என்று மாற்றிக் கேட்டால் பயனுள்ள பதில் கிடைக்கும்.

காப்பாளரிடம் கேட்பதற்கு நான் முன்வைக்கும் கேள்விகள் எல்லாம் கைவேலையைச் சார்ந்தவை. காலையில் முதலில் எதைப் பார்ப்பீர்கள்? விலங்குக்கு உடம்பு சரியில்லை என்பது எப்படித் தெரியும்? இறைச்சியை எடை போட்டு வைத்தபின் மிச்சத்தையும் ஏன் எடை போடுகிறீர்கள்? வாரத்தில் ஒருநாள் பட்டினி போடுவது ஏன்? காட்டில் தினமும் இரை கிடைப்பதில்லை என்பதாலும், அடைபட்ட விலங்குக்கு உடல் பெருத்துவிடும் என்பதாலும் பல பூங்காக்களில் இந்த வழக்கம் உண்டு. பிள்ளைகள் இதைக் கொடுமை என்று நினைப்பார்கள், ஆகவே விளக்கம் காப்பாளரின் வாயிலிருந்தே வரட்டும். சர்க்கஸிலிருந்து வந்த விலங்கு கூண்டின் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு ஓயாமல் நடந்துகொண்டே இருப்பதும், கதவைத் திறந்துவிட்டாலும் புல்தரையில் கால் வைக்கத் தயங்குவதும் மீட்பு மையங்களில் காணப்படும் காட்சிகள். அதை மாற்ற என்னென்ன செய்தார்கள் என்று கேளுங்கள்: மரக்கட்டை, தண்ணீர்த் தொட்டி, புதிய வாசனை, ஒளித்துவைத்த இறைச்சி என்று அவர்களிடம் ஒரு கைப்பக்குவமே இருக்கும்.

‘ஏன் காட்டில் விடவில்லை?’ என்ற கேள்விக்கு மட்டும் பாதி நேரத்தை ஒதுக்கினாலும் தகும். புலிக்குட்டி ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் தாயுடன் இருந்து வேட்டை கற்கிறது. மனிதர் கையில் வளர்ந்ததற்கு அந்தப் பாடம் கிடையாது. மனிதரைக் கண்டு ஒதுங்கும் குணமும் அதற்கு இருக்காது. அப்படிப்பட்ட விலங்கு பசித்தால் ஊரைத்தான் தேடி வரும். காட்டில் காலியிடமும் இல்லை. ஒவ்வொரு பகுதியும் ஏதோவொரு புலியின் ஆளுகையில் இருக்கும். சர்க்கஸ் சிங்கங்களைப் பொறுத்தவரை இன்னொரு தடையும் இருந்தது: அவற்றுள் பல ஆசிய, ஆப்பிரிக்க இனங்களின் கலப்பு என்பதால் ஆசியச் சிங்கங்கள் வாழும் குஜராத்தின் கிர் காட்டில் விடவும் முடியாது, இனப்பெருக்கத்துக்கு விடவும் கூடாது. திருப்பி அனுப்ப முயன்ற கதையும் நம் மாநிலத்திலேயே உண்டு. 2021-ல் வால்பாறைப் பகுதியில் முள்ளம்பன்றி முட்கள் குத்திய நிலையில் ஒரு புலிக்குட்டி மீட்கப்பட்டது. ஆனைமலைப் புலிகள் காப்பகத்துக்குள்ளேயே அதற்குத் தனி அடைப்பிடம் அமைத்து வேட்டை பழக்க வனத்துறை முயன்றது. எவ்வளவு கவனமும் காலமும் அதற்குத் தேவைப்பட்டன என்று கால்நடை மருத்துவரிடம் கேட்கலாம்.

வெள்ளைப் புலியைப் பற்றியும் கேட்பார்கள், ஏனெனில் வண்டலூரில் எல்லாரும் அதைத்தான் முதலில் தேடிப் போகிறார்கள். அது தனி இனமல்ல. வங்கப் புலியிலேயே ஒரு மரபணு மாற்றத்தால் வரும் நிறம். 1951-ல் இன்றைய மத்தியப் பிரதேசத்தின் ரேவாவில் பிடிக்கப்பட்ட மோகன் என்ற ஆண் புலியின் வழியில், நெருங்கிய உறவுக்குள்ளேயே இணைசேர்த்துப் பெருக்கியதால் மாறுகண் முதலிய குறைகள் வந்தன. இதைக் கேட்டபின் சில சிறுவர்களுக்கு வெள்ளைப் புலி மீதிருந்த வியப்பு குறையலாம், குறைந்தால் தவறில்லை.

எச்சரிக்கையாக இருக்க வேண்டியவை

தாத்தா காலத்துப் புலிநகச் சங்கிலியை யாராவது ஆர்வத்தோடு எடுத்து வந்து காட்ட முற்படலாம். புலியின் நகம், பல், தோல் எதையும் உரிய சான்றிதழ் இன்றி வைத்திருப்பது குற்றம். வனத்துறையினர் அமர்ந்திருக்கும் கூடத்தில் அதை நீட்டினால் அவர்களால் பார்க்காததுபோல் இருக்க முடியாது. கண்காட்சிக்குப் பொருள் கொண்டுவருமாறு பொது அறிவிப்புச் செய்யும்போது இதை முன்கூட்டியே தெளிவுபடுத்திவிடுங்கள். வெளிநாடுகளில் சிங்கக்குட்டிக்குப் புட்டிப்பால் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்ளும் காணொளிகளைத் திரையில் காட்டாதீர்கள். அப்படிக் கொஞ்சப்படும் குட்டிகள் வளர்ந்தபின்தான் மீட்பு மையங்களுக்கு வேலை வருகிறது. அரசு நூலகத்தில் அனுமதியின்றி நன்கொடை திரட்டக்கூடாது என்பதால் உண்டியல் வைக்க வேண்டாம். பூங்காவில் விலங்குகளைத் தத்தெடுக்கும் திட்டம் இருக்கிறது. அதன் விவரத்தை மேசையில் வைத்தால் விரும்புகிறவர்கள் நேரடியாகச் செலுத்திக்கொள்வார்கள்.

பேச்சு நாற்பது நிமிடம், கேள்வி முப்பது நிமிடம், சுண்ணக்கட்டிக் கோட்டிலும் மணல் தட்டிலும் இருபது நிமிடம் என்று பிரித்தால் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். கூட்டம் அறுபதைத் தாண்டினால் இரண்டு பிரிவாக நடத்துங்கள். குரலை உயர்த்திப் பேசும் காப்பாளரிடமிருந்து நுணுக்கமான செய்தி வராது. வந்தவர்களுக்குச் சுண்டலும் மோரும் போதும். தூரத்திலிருந்து வந்த விருந்தினரை மட்டும் பீச் பக்கம் அழைத்துப்போய் அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸ் ஒரு தட்டு வாங்கிக் கொடுத்து அனுப்புவது வடசென்னையின் மரியாதை.

நிகழ்ச்சி முடிந்த வாரத்திலேயே செய்ய வேண்டிய வேலைகள் சில உண்டு. காப்பாளரின் பேச்சை அவருடைய ஒப்புதலோடு பதிவு செய்திருந்தால், எழுத்தாக்கி ஒரு படியை நூலகத்திலும் மற்றொன்றைப் பூங்காவிலும் சேர்ப்பித்துவிடுங்கள். சர்க்கஸ் விலங்குகள் வந்த காலத்தைப் பற்றிய வாய்மொழிப் பதிவு நாளைய ஆய்வாளருக்கு உதவும். நேரமில்லாமல் விடுபட்ட கேள்விகளைத் தொகுத்து அனுப்பி, வரும் பதில்களை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். பெரும்பூனைகள் பற்றித் தமிழில் என்னென்ன நூல்கள் அந்தக் கிளையில் உள்ளன என்று பார்த்து, இல்லாதவற்றுக்கான பரிந்துரைப் பட்டியலை வாசகர் வட்டத்தின் கையொப்பத்தோடு மாவட்ட நூலக அலுவலருக்குக் கொடுங்கள். சிறுவர்கள் வண்டலூர் போக விரும்பினால், கடற்கரை நிலையத்தில் தாம்பரம் வழியாகச் செங்கல்பட்டு செல்லும் மின்சார ரயிலில் ஏறினால் வண்டலூரிலேயே இறங்கிக்கொள்ளலாம். செவ்வாய்க்கிழமை மட்டும் கிளம்பிவிடாதீர்கள்.